விரிப்புக்கடியில் பேசிய விலை

இடார்-ஓபர்ஸ்டைன்
7 அக்டோபர் 1973

சியாமளாவுக்கு,

ஏப்ரலில் இருந்து நீ என்னோடு பேசவில்லை. வார்டுக்குப் போன் செய்தால் "டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார்" என்று ஒரே பாட்டு. தபாலை ரவுண்ட்ஸுக்கு அனுப்ப முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்க இல்லை. உன்னைப் பார்க்க வந்தேன், கோட்டைக் கழற்றினேன், இடுப்பில் இருந்த துப்பாக்கியை உங்கள் தலைமை நர்ஸ் பார்த்துவிட்டாள். உனக்கு மெமோ வந்தது. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் கொள்ளைக்காரன் இல்லை. பை நிறையக் கல்லோடு ஊர் ஊராகப் போகிற வியாபாரி. மாவட்ட ஆபீஸில் நாயாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினேன். அது வெளியே காட்டிக்கொள்ள இல்லை, உயிருக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எர்வின் மாத்தேஸை உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் நினைவிருக்கும். நான் காங்கேயத்தில் கல் பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தபோது வாங்க வந்த ஜெர்மன்காரர். என்னை இங்கே வரவழைத்து, தன் கடையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். சின்ன வயதில் அகேட் கல் சாணை பிடித்த தூசு இப்போது அவர் நுரையீரலைத் தின்கிறது. அவர் எனக்கு எழுதியிருக்கிறார்: "கோபாலன், வா. வரும்போது துப்பாக்கியை எடுத்து வா. என்னுடையதை மகன் பூட்டி வைத்துவிட்டான். இங்கே ஒருத்தன் தினமும் வருகிறான்."

யார் என்று எழுதவில்லை. அவர் பயந்து நான் பார்த்ததில்லை. மார்சேய் துறைமுகத்தில் கத்தியைக் காட்டியவனிடம் பேரம் பேசிய மனுஷன்.

உன்னைக் கேட்கிறேன், உங்கள் கட்டடத்தில் என்ன சட்டம்? இந்த ஜனவரியில் வந்த புது ஆயுதச் சட்டத்தை ஒரு வக்கீலை வைத்துப் படித்தேன். சந்தை, திருவிழா, பொது நிகழ்ச்சிகளுக்கு லைசென்ஸ் இருந்தாலும் எடுத்துப் போகக் கூடாது என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி என்ற சொல் என் கண்ணில் படவில்லை. லைசென்ஸ் கொடுத்ததும் அரசாங்கம், உங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரனும் அரசாங்கம். பிறகு என்ன தடை?

கோபாலன்

*

அரசு நுரையீரல் மருத்துவமனை
11 அக்டோபர் 1973

அண்ணாவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: கூடாது.

சட்டம் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லாவிட்டால், கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சொல்வதுதான் பேச்சு. உங்கள் கடைக்குள் யார் எதைக் கொண்டு வரலாம் என்று நீங்கள் சொல்வது போல. இங்கே சொந்தக்காரர் மாநில அரசு. லைசென்ஸ் தெருவுக்குத்தான். இந்த வாசலைத் தாண்டினால், துப்பாக்கியை வாசல்காரரின் இரும்பு அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு அப்படி ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான். மெமோவுக்கு நான் செய்த பரிகாரம் அது. புது வருஷத்தில் என் கான்ட்ராக்ட் ரினியூவலுக்கு வருகிறது. இந்த ஊரில் சேலை கட்டிய ஒரே டாக்டர் நான். என் அண்ணன் யார் என்று சமையல்காரிவரை தெரியும்.

மாத்தேஸ் என் வார்டில்தான் இருக்கிறார், ஜன்னலோரக் கடைசிக் கட்டில். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தவர்கள் இல்லாததைப் பார்ப்பார்கள். அவரும் பார்க்கிறார். மதியம் விசிட்டர் நேரத்தில் ஒருவர் வந்து உட்காருவதாகச் சொல்கிறார். வாசல்காரரிடம் கேட்டேன். மகன் மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான்.

நீங்கள் வந்து பாருங்கள். வெறும் கையோடு வாருங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

சியாமளா

*

இடார்-ஓபர்ஸ்டைன்
22 அக்டோபர் 1973

சியாமளா,

நேற்று வந்தேன். நீ டூட்டியில் இல்லை என்றார்கள். இருந்தாயோ, ஒளிந்தாயோ, நான் கேட்கவில்லை.

துப்பாக்கியை வாசலில் கொடுத்தேன். உங்கள் வாசல்காரர் அதைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போல் ஆட்டிப் பார்த்தார். "மருந்து கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் ஹெர் கோபாலன், இவ்வளவு கசப்பு மருந்தை நீங்கள்தான் கொண்டு வருகிறீர்கள்" என்றார். நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே பூட்டினார்.

மாத்தேஸ் பாதியாகிவிட்டார். நான் நாற்காலியை இழுத்து உட்காரப் போனபோது, "அதில் வேண்டாம், கட்டில் மேல் உட்கார்" என்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

வலது கையை விரிப்புக்கடியில் வைத்திருந்தார். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், அந்தத் துணி அசைந்துகொண்டே இருக்கிறது. முதலில் நடுக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது. சியாமளா, அது எங்கள் பேரம்.

நீ படிக்கப் போனவள், இதையெல்லாம் பார்த்ததில்லை. நம் பக்கம் கல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு, அதற்கடியில் இரண்டு பேர் கையும் பேசும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, பாதி பிடித்தால் ஒரு கணக்கு, உள்ளங்கையைச் சுரண்டினால் "கட்டாது". சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மாத்தேஸ் காங்கேயத்தில் என்னிடம் அதைக் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்களில் அதைச் சரியாகச் செய்கிற ஒரே ஆள்.

"யாரோடு பேசுகிறீர்கள்?" என்றேன்.

"வருகிறவனோடு. தினமும் விலையை ஏற்றுகிறான். நான் கொடுக்க மாட்டேன் என்கிறேன்."

"என்ன சரக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நம்மை ஏமாற்ற வந்தவனைப் பார்ப்போமே, அந்தப் பார்வை. "தெரியாத மாதிரிக் கேட்கிறாயே" என்றார். "துப்பாக்கி எங்கே?"

வாசலில் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். குண்டை எடுத்துவிட்டு, வெறும் துப்பாக்கியை ஒரு மணி நேரம் அவர் தலையணைக்கடியில் வைத்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார். பொம்மையை வைத்துக் குழந்தையைத் தூங்க வைப்பதில்லையா? உங்கள் டைரக்டரிடம் நீ ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

கோபாலன்

*

அரசு நுரையீரல் மருத்துவமனை
27 அக்டோபர் 1973

அண்ணாவுக்கு,

டைரக்டரிடம் கேட்க மாட்டேன். குண்டில்லாத துப்பாக்கி என்று உங்களுக்குத் தெரியும், எதிரில் நிற்கிற நர்ஸுக்குத் தெரியாது. ரூல் அவளுக்காகத்தான்.

இதை எழுதி முடித்துவிட்டு உறையை ஒட்டப் போனேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன், ஏனென்றால் சொல்ல இங்கே எனக்கு யாரும் இல்லை.

மாத்தேஸுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருக்கிறார். தெளிவானவர், ஜுரம்கூட இல்லை. நேற்று என்னிடம் கட்டிலை மாற்றித் தரச் சொன்னார்.

"காற்று வருகிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை டாக்டர். உங்கள் உறவுக்காரர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறார். பேசவே மாட்டேன் என்கிறார். அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது."

"என் அண்ணன் ஒரு தடவைதான் வந்தார்."

"உங்கள் அண்ணனைப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தாரே. நான் சொல்வது மற்றவரை. உங்கள் நிறம்தான்."

உங்களைப் பற்றி அவர் சொன்னது சரிதான், சிரிப்பு வந்தது. வெளியே வந்து, அந்த மற்றவர் யார் என்று யோசித்ததும் சிரிப்பு போய்விட்டது.

இன்னொன்று. நர்ஸ் காலையில் எல்லா நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளுகிறாள். மாலையில் மாத்தேஸின் நாற்காலி மட்டும் கட்டிலை ஒட்டி இருக்கிறது. யாராவது நகர்த்தியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் நாற்காலி நகர்வது பெரிய விஷயமில்லை. எனக்கே இதைத் தினமும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு நான் டூட்டியில் இருப்பேன். ஒளிய மாட்டேன். வாருங்கள்.

சியாமளா

*

இடார்-ஓபர்ஸ்டைன்
5 நவம்பர் 1973

சியாமளா,

நேற்று என் முகம் ஏன் வெளுத்தது என்று கேட்டாய். வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பொய். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு, ஆனால் முழுவதும் படி.

துப்பாக்கி என் கோட்டுக்குள் இருந்தது. குண்டோடு.

கிளம்பும்போதே உன் அண்ணி கேட்டாள். "ஏனுங்க, சீக்காளியப் பாக்கறதுக்கு அந்த இரும்பைக் கட்டீட்டுத்தான் போகோணுமா?" வழியில் கல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. கனகவல்லியை நான் இதுவரை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. வாசலில் உங்கள் ஆள் "இன்றைக்கு மருந்து உண்டா?" என்று கேட்டார். "வீட்டில்" என்றேன். சோதிக்கவில்லை. நம்பினார். நம்பிக்கையில் ஓடுகிற தொழில் என்னுடையது, அதை இவ்வளவு சுலபமாக உடைத்தேன்.

நீ எதிரில் வந்து, "அண்ணா, கோட்டைக் கழட்டுங்க, இங்க ஹீட்டர் ஜாஸ்தி" என்றாய். குளிர்கிறது என்றேன். வேர்த்துக்கொண்டிருந்தது.

நீ நகர்ந்த பிறகு மாத்தேஸிடம் கேட்டேன். "கொண்டு வந்திருக்கிறேன். கையில் தரும் முன்னால் ஒன்று சொல்லுங்கள். அவன் பார்க்க எப்படி இருப்பான்?"

"கறுப்பு. வெள்ளைத் துணி. பேசுவதில்லை. வந்ததும் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைப்பான். அங்கிருந்துதான் பேரம் ஆரம்பம். நான் விலை சொன்னால் பதில் சொல்ல மாட்டான், தலையைக் குனிந்துகொண்டு விரலை அழுத்திக்கொண்டே இருப்பான்."

என் கை கோட்டுக்குள் போய்விட்டது சியாமளா. பிடியைத் தொட்டுவிட்டேன். அப்போது நீ வார்டின் அந்தப் பக்கத்தில், வெள்ளைக் கோட்டில், ஒரு நோயாளியின் மணிக்கட்டை எடுத்து மூன்று விரல் வைத்து, தலையைக் குனிந்து கடிகாரம் பார்த்தாய்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கக் கையால் விலை பேசியவர். டாக்டர் நாடி பார்த்ததைப் பேரம் என்று எடுத்துக்கொண்டார். அவர் சுட நினைத்தது உன்னை. நான் எடுத்துக் கொடுக்க இருந்தேன்.

எழுந்து வந்துவிட்டேன். பின்னால் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை.

துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கடைப் பெட்டகத்தில் வைத்தாயிற்று. இனி வீதிக்குக்கூட எடுக்கப் போவதில்லை. நீ ஒன்று செய். அந்தக் கட்டிலுக்குப் போகாதே. நாடியை வேறு யாராவது பார்க்கட்டும். உங்கள் போர்டைப் பற்றி நான் பேசியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். அதை எழுதியவளுக்கு என்னைவிட உலகம் தெரிந்திருக்கிறது.

அண்ணன்

*

அரசு நுரையீரல் மருத்துவமனை
14 நவம்பர் 1973

அண்ணா,

திட்ட வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். இரண்டு நாள் வெறும் காகிதமாகவே மேஜையில் கிடந்தது. வார்டுக்குள் குண்டு போட்ட துப்பாக்கியோடு வந்திருக்கிறீர்கள். நேரில் பேசும்போது பேசிக்கொள்வோம்.

நீங்கள் கண்டுபிடித்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நான்தான் அந்த ஆள் என்றால், வேறு ஆள் இல்லை. அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் முகம் கழுவும்போதுதான் நினைவு வந்தது. அண்ணா, நான் மாத்தேஸுக்கு மணிக்கட்டில் நாடி பார்த்ததே இல்லை. சேர்ந்த நாளிலிருந்து அவர் அந்தக் கையை விரிப்புக்கடியிலிருந்து எடுக்க மாட்டேன் என்றார். வற்புறுத்தவில்லை, கழுத்தில் பார்த்தேன். நர்ஸ்களும் கழுத்தில்தான் பார்க்கிறார்கள்.

அவரிடமே போனேன். போகாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கட்டில் பக்கத்தில் நின்று, "தினமும் வருவது நான்தானே, ஹெர் மாத்தேஸ்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவ்வளவு நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நீங்கள் டாக்டர். உங்கள் கை சூடு" என்றார். பிறகு, "கோபாலனின் தங்கையா நீங்கள்? முதலிலேயே தெரிந்திருந்தால் இந்த வார்டுக்கு வந்திருக்க மாட்டேன். அவன் இப்போது உங்களைத்தான் கேட்கிறான். என்னைக் கேட்பதை விட்டுவிட்டான்" என்றார்.

வெள்ளிக்கிழமை விசிட்டர் நேரத்தில் இறந்துவிட்டார். அமைதியான சாவு. நான் கூடவே இருந்தேன், நாற்காலி சுவரோரம்தான் இருந்தது.

உடலை எடுத்துப் போன பிறகு நர்ஸ் புது விரிப்பு விரித்தாள். ஜன்னல் பக்கம் ஓரம் சரியாகச் செருகவில்லை. நான் செருகினேன். மெத்தைக்கும் துணிக்கும் நடுவில் கையை விட்டேன். என் சுண்டுவிரலை ஏதோ பிடித்தது.

கம்பி இல்லை, தையல் இல்லை. விரல்கள். ஐஸ் கட்டியில் வைத்தது போல. முதலில் சுண்டுவிரலை மட்டும் முழுசாகப் பிடித்தது. விட்டது. பிறகு உள்ளங்கையில் ஒரு தட்டு. நான் பயத்தில் கையை மூடிக்கொண்டு இழுத்தேன். விரிப்பை உருவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நர்ஸ், "என்ன டாக்டர், ஊசி குத்திவிட்டதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

எனக்கு ஆக்ஸிஜன் குறையவில்லை. பார்த்துக்கொண்டேன்.

ஒன்று சொல்லட்டுமா? அந்த நிமிஷம் எனக்கு உங்கள் துப்பாக்கி ஞாபகம் வந்தது. போர்டு எழுதிய நானே, அது இப்போது இந்த அறையில் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியும்.

சியாமளா

*

இடார்-ஓபர்ஸ்டைன்
20 நவம்பர் 1973

சியாமளா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மாத்தேஸின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மகன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான், தொழிலில் இருக்கிற பாதி ஊர் வந்திருந்தது. அவர்கள் எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு கையையும் நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொள்.

அர்த்தம் கேட்டாய். மூடி மறைக்க மாட்டேன். சுண்டுவிரல் விலை இல்லை, கேள்வி. "சரக்கு உன்னுடையதா?" உள்ளங்கையில் தட்டினால் "பேசலாமா?" அதற்கு நீ கையை விரித்து இழுத்திருந்தால் "இல்லை" என்று ஆகியிருக்கும். விரலை மடக்கிக்கொண்டு இழுத்தாய். எங்கள் பேச்சில் அது "பேசலாம்".

உன் மேல் தப்பில்லை. பயந்தவள் கையை மூடத்தான் செய்வாள். ஆனால் எதிரில் இருப்பவனுக்குப் பயம் தெரியாது, விரல்தான் தெரியும்.

நம்புகிறேனா என்று கேட்காதே. கல்லைப் பார்த்து இது நிஜமா போலியா என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். இதை உரசிப் பார்க்க என்னிடம் கல் இல்லை. ஆனால் ஆரம்பித்த பேரத்தை அப்படியே விட்டுப் போனால் சரக்கு வாங்குகிறவனிடம் நிற்கும். எங்கள் வழக்கம் அது, இங்கே சரக்கு உன் உயிர். அந்தப் பேரத்தை முறிக்க வேண்டுமானால், தொடங்கினவரே வர வேண்டும், இல்லாவிட்டால் உடன்பிறந்தவர் வரலாம்.

நீ அந்தக் கட்டிலில் யாரையும் படுக்க வைக்காதே. பழுது என்று ஏதாவது சொல். நான் ஞாயிறு வருகிறேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் அன்றைக்கு யாரும் கார் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டான், ரேடியோவில் சொன்னார்கள். ரயிலில் வந்து மீதியை நடப்பேன்.

துப்பாக்கியைப் பற்றி எழுதினாய். எனக்கும் முதலில் கை அங்கேதான் போனது. பிறகு யோசித்தேன். மாத்தேஸ் எதைச் சுட்டிருப்பார்? நாற்காலிக்குப் பின்னால் இருந்த ரயில்வேக்காரரை. இந்தத் தடவை உன் போர்டு சொல்வதைத்தான் கேட்பேன்.

அண்ணன்

*

இடார்-ஓபர்ஸ்டைன்
3 டிசம்பர் 1973

சியாமளா,

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கை.

அன்று உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன், அதற்குக் கோபிக்காதே. பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

ஸ்டேஷனிலிருந்து நெடுஞ்சாலை வழியாக நடந்தேன். ஒரு வண்டி இல்லை. தார் ரோட்டின் நடுவில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள், பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டில் போகிறார்கள், யாரும் சத்தமாகப் பேசவில்லை. காட்டுக்குள் திரும்பியதும் அவர்களும் இல்லை. என் காலடி மட்டும். இன்னொரு காலடியும் கேட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை.

வாசல்காரர், "மருந்து?" என்றார். நானே கையைத் தூக்கி நின்று, "தடவிப் பாருங்கள்" என்றேன். கூச்சப்பட்டுக்கொண்டே பார்த்தார். போன தடவை அவரை ஏமாற்றியதற்கு அது பதில். அவருக்கு அது தெரியாது.

நீ வார்டு வாசலில் காவல் நின்றாய். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் விரிப்புக்கடியில் கையை விட்டதும்தான் உனக்குத் தெரியும். மற்றதைச் சொல்கிறேன். உடனே வந்துவிட்டது. நல்ல வியாபாரி, காக்க வைக்கவில்லை. "சரக்கு உன்னுடையதா?" என்று கேட்டது. என்னுடையது, என் ரத்தம், விற்பனைக்கு இல்லை என்று உள்ளங்கையைச் சுரண்டினேன். ஏற்கனவே பேச்சு ஆகிவிட்டது என்று தட்டியது. அதுவும் நியாயம். அப்படியானால் முறிப்புக்கு என்ன கேட்கிறாய் என்றேன்.

என் வலது கையைத் தோள்வரை கேட்டது. நான் எழுந்து போவது போல் காட்டினேன், பேரத்தில் அது ஒரு தந்திரம். முழங்கைக்கு இறங்கியது. மாத்தேஸ் தினமும் இதோடு போராடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், துக்கமாக இருந்தது. கடைசியில் மணிக்கட்டில் முடித்தேன். மலிவு.

கனகவல்லி நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஊசி குத்தினார், விரலை நிமிர்த்தினார், கைக்கு ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே எல்லாம் சரியாக இருக்கிறது, கோடு போட்டது போல் இங்கே நிற்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம். நீயும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வாய். எடுத்துக்கொள். லைசென்ஸை மாவட்ட ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்ட அதிகாரியிடம் கையைக் காட்டினேன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான்.

நீ அந்தக் கட்டிலில் இனி யாரை வேண்டுமானாலும் படுக்க வைக்கலாம். விரிப்பை நீயே மாற்றலாம். ரினியூவல் கிடைத்தால் எழுது. பொங்கலுக்கு வா, உன் அண்ணி இப்போதே என்ன சமைப்பது என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று. மதியம், உங்கள் விசிட்டர் நேரத்தில், அந்தக் கையை யாரோ மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உணர்ச்சியே இல்லாத கையில் அது எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார். விற்ற சரக்கைப் பற்றி வியாபாரி பேசுவது அழகில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்